மிதிக்கிற வாட் எங்கே போகிறது? வேகம் ஏறாத சைக்கிளுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

"வேகமே வரவில்லை" என்ற புகாருக்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். அளக்கும் கருவி பொய் சொல்லலாம். சைக்கிள் பவரைத் தின்னலாம். உடம்பு கொடுக்காமல் இருக்கலாம். இதே வரிசையில் தேடுங்கள். கருவியைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும், சைக்கிளுக்கு அரை மணி நேரம் ஆகும், உடம்புக்கு எட்டு வாரம் வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, உரசிக்கொண்டிருக்கும் டிஸ்க் பிரேக்கோடு எட்டு வாரம் பயிற்சி எடுக்கிறார்கள்.

கீழே வரும் கணக்கெல்லாம் 70 கிலோ ஆள், பாட்டிலோடு சேர்த்து 10 கிலோ ரோடு பைக், பிரேக் ஹூட்டில் (பிரேக் லீவரின் ரப்பர் பிடியில்) கை, பெங்களூரின் குளிர்ந்த காலைக் காற்று என்று வைத்துப் போட்டவை. உங்கள் எடைக்கு எண் மாறும், போக்கு மாறாது.

அறிகுறி: மாதக்கணக்காக ஓட்டியும் சராசரி வேகம் 25-ஐத் தாண்டவில்லை

முதலில் அந்தச் சராசரியையே சந்தேகப்படுங்கள். சில்க் போர்டு, ஹெப்பாள், கே.ஆர்.புரம் போன்ற நெரிசல் சந்திப்புகள் வழியாகப் போய் வந்த சராசரி உங்கள் காலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆட்டோ பாஸ் (நின்றதும் கணக்கு தானே நிற்கும் வசதி) போட்டிருந்தாலும் நிற்கும் நேரம்தான் கழியும். வேகம் குறைந்து மறுபடி ஏறும் நேரம் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தை எட்ட 80 கிலோவுக்குச் சுமார் 2.8 கிலோஜூல் வேண்டும். 30-இல் சீராகப் போகும்போது செலவாகும் பவரை 18 விநாடி கொடுப்பதற்குச் சமம் இது. பத்து சிக்னல் என்றால் மூன்று நிமிட உழைப்பு பிரேக் சூட்டில் போய்விடுகிறது.

ஒப்பிட வேண்டுமென்றால் சிக்னல் இல்லாத ஒரு துண்டைப் பிடியுங்கள். ஹெசரகட்டா பக்கமோ, ஹெப்பாள் தாண்டி தேவனஹள்ளி போகும் சர்வீஸ் ரோட்டில் ஒரு பகுதியோ போதும். ஐந்து கிலோமீட்டராவது இருக்க வேண்டும். போகவும் வரவும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே மேற்குக் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் ஒசகோட்டை பக்கம் போகும்போது "ஆஹா, ஃபார்ம் வந்துவிட்டது" என்று தோன்றும், திரும்பும்போது அழுகை வரும். போகும்போது 35, வரும்போது 22 என்றால் சராசரி 28.5 இல்லை, 27. எதிர்க்காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம், அதனால் காற்று அடித்த நாளில் சராசரி எப்போதும் குறைவாகத்தான் வரும்.

சமதளத்தில், காற்றில்லாத நேரத்தில், மணிக்கு 25 கி.மீ.க்கு ஏறக்குறைய 100 வாட் போதும். 30-க்கு 155. 35-க்கு 230. வேகத்தை 25-இலிருந்து 30-ஆக்க 55 வாட் கேட்ட காற்று, 30-இலிருந்து 35-ஆக்க 75 வாட் கேட்கிறது. வேகம் கூடக் கூடக் காற்றை வெல்ல வேண்டிய பவர் அதன் மும்மடியில் ஏறுவதுதான் காரணம். ஆகவே, பயிற்சியில் 20 வாட் கூட்டிய ஒருவர் 25-இல் இருந்தால் 27-க்குப் போவார், 30-இல் இருந்தால் 31.5-க்குத்தான் போவார். "முன்னேற்றமே இல்லை" என்று அவர் நினைத்துக்கொள்வார். முன்னேற்றம் நடந்திருக்கிறது, சராசரி வேகம் அதைக் காட்ட மறுக்கிறது.

இந்த 20 வாட்டில் பாதியை இன்றைக்கே எடுக்கலாம். ஹூட்டிலேயே கை வைத்து முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள், தோளைக் குறுக்குங்கள். முன்பக்கப் பரப்பு அதனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தாலே 30 கி.மீ. வேகத்தில் 10 வாட் மிச்சம். படபடவென்று அடிக்கும் தொளதொள டி-ஷர்ட்டும் ஜிப் திறந்த விண்ட் சீட்டரும் இதற்கு நேர் எதிரிகள். விலை உயர்ந்த சக்கரத்தைப் பற்றி யோசிப்பதெல்லாம் இதற்குப் பிறகு.

அறிகுறி: சென்னையில் இருந்ததைவிட எஃப்.டி.பி. குறைந்துவிட்டது, வேகம் மட்டும் குறையவில்லை

பழுது எதுவும் இல்லை. எஃப்.டி.பி. என்பது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சப் பவர். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவு. ஈ.சி.ஆரின் வெக்கை அங்கேயும் காற்றைக் கொஞ்சம் லேசாக்குவதால் நடைமுறை வித்தியாசம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எதிர்த்து நிற்கும் காற்று குறைகிறது, கூடவே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு நீண்ட நேரப் பவரில் சில சதவீதம் இறங்கும். எடி மெர்க்ஸ் 1972-இல் ஒரு மணி நேரச் சாதனைக்கு மெக்சிகோ நகரத்தைத் தேர்ந்தெடுத்து 49.431 கி.மீ. ஓட்டியதும் இந்தப் பேரத்தை நம்பித்தான். அந்த ஊர் 2,200 மீட்டருக்கு மேல்.

செய்ய வேண்டியது ஒன்றே: சென்னை எண்ணை வைத்துக்கொண்டு இங்கே இன்டர்வல் (கடின மிதியும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) செய்யாதீர்கள். இங்கே புதிதாக டெஸ்ட் எடுத்து ஸோன்களை (எஃப்.டி.பி.யை வைத்துப் பிரித்த பவர் வரம்புகளை) மாற்றுங்கள்.

அறிகுறி: பவர் மீட்டர் ஒன்று சொல்கிறது, டிரெயினர் வேறொன்று சொல்கிறது

2 முதல் 4 சதவீத வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிராங்கிலோ (பெடலைத் தாங்கும் கை) பெடலிலோ இருக்கும் மீட்டர் செயினுக்கு முன்னால் அளக்கிறது. டிரெயினர் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் ஓட்டும் கருவி), செயின் தின்றது போக மிச்சத்தை அளக்கிறது. கிராங்கில் 200 என்றால் டிரெயினரில் 193 வருவது நியாயம். ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால், அல்லது டிரெயினர் அதிகமாகக் காட்டினால்தான் தேட வேண்டும்.

சைக்கிளை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் வைத்த பிறகு ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள். உலோகம் வெளி வெப்பநிலைக்கு வர வேண்டும். ஷூவின் கிளீட் பெடலில் மாட்டியிருக்கக் கூடாது, கிராங்க் தயாரிப்பாளர் சொன்ன நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து ஆப்பில் கிராங்க் நீளத்தைப் பாருங்கள். பெடல் மீட்டரை ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இங்கேதான் கோட்டை விடுகிறோம். இருப்பது 170 மி.மீ., போட்டிருப்பது 175 என்றால் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருக்கும். பெடலை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கவில்லை என்றாலும் எண் ஆடும்.

இடது பக்கம் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர் என்றால் இன்னொரு சிக்கல். உங்கள் இடது கால் 48, வலது 52 என்று மிதித்தால், நிஜமான 200 வாட் திரையில் 192 ஆகும். களைத்த பிறகு இந்த விகிதமே மாறலாம். நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட அந்த மீட்டர் போதும், நண்பரோடு ஒப்பிட்டுப் பந்தயம் கட்டத்தான் போதாது.

டயரில் ரோலர் உரசும் பழைய வகை டிரெயினரை ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு ஸ்பின் டவுன் (வேகமாகச் சுழலவிட்டு, அது நிற்கும் நேரத்தை வைத்து அளவைச் சரிசெய்வது) செய்ய வேண்டும். டயர் காற்றும் அதே அளவில் இருக்க வேண்டும்.

பவர் மீட்டரே இல்லையென்றால் மேடு இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை, எடைதான் எல்லாம். மொத்த எடையை 9.81-ஆலும் ஏறிய உயரத்தாலும் பெருக்கி, எடுத்த விநாடிகளால் வகுங்கள். 80 கிலோ, 400 மீட்டர் உயரம், 40 நிமிடம் என்றால் 131 வாட் வரும். ஐந்து சதவீதச் சரிவில் டயர், காற்று, செயின் மூன்றுக்கும் சேர்த்து அதன் மேல் 20 சதவீதம் போடுங்கள்: சுமார் 157. நந்தி ஹில்ஸ் போய் வந்தவர்கள் தங்கள் பழைய நேரங்களை வைத்து இன்றைக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வேக சென்சார் வைத்திருப்பவர்கள் சக்கரச் சுற்றளவையும் பாருங்கள். 700×23 டயருக்கு 2096 மி.மீ., 700×25-க்கு 2105, 700×28-க்கு 2136, 700×32-க்கு 2155. டயரை 32-க்கு மாற்றிவிட்டு 23-இன் எண்ணை விட்டுவைத்தால் வேகம் 2.7 சதவீதம் குறைவாகத் தெரியும். புது டயர் போட்டதும் "ஸ்லோ ஆகிவிட்டது" என்று குறைபடுபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

அறிகுறி: சமதளத்தில் பரவாயில்லை, நந்தி ஹில்ஸ் மேல் பாதியில் கால் பூட்டிக்கொள்கிறது

கியரைப் பாருங்கள். ஐந்து சதவீதச் சரிவில் 155 வாட்டுக்கு மணிக்கு 12 கி.மீ. கிடைக்கும். அதே 155 எட்டு சதவீதத்தில் 8 கி.மீ. தான் தரும். முன்னால் 34, பின்னால் 28 பல் இருந்தால் அந்த 8 கி.மீ.க்குக் கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று) 52. பழைய 39-க்கு 25 என்றால் 41. பின்னால் 34 போட்டால் 63. கேடன்ஸ் ஐம்பதுக்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் ஒரு சின்ன ஸ்குவாட். மூச்சு சாதாரணமாக இருக்கும், தொடை மட்டும் எரியும். "கால் பலம் பத்தவில்லை" என்று ஜிம்முக்குப் போகும் முன் கேசட்டை (பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியை) மாற்றுங்கள்.

மாற்றும்போது இரண்டு விஷயம். பின் டெரெய்லர் (கியர் மாற்றும் பாகம்) அந்தப் பெரிய பல்லைத் தாங்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஷிமானோ 105 ஆர்7000-இன் குட்டைக் கேஜ் (டெரெய்லரின் புல்லிகளைத் தாங்கும் கை) 30 பல் வரைதான், நீண்ட கேஜ் 34 வரை ஏற்கும். அடுத்தது செயின். பழைய நீளத்திலேயே விட்டு, பெரிய பல்லுக்கும் முன்னாலுள்ள பெரிய செயின்ரிங்குக்கும் ஒரே நேரத்தில் போட்டால் டெரெய்லர் பிய்த்துக்கொண்டு வரும். கடைக்காரர் "ஓடும் சார்" என்றாலும் பெரிய-பெரிய கியரில் ஸ்டாண்டில் வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். டெரெய்லரின் மேல் புல்லி கேசட்டில் முட்டினால் பி-டென்ஷன் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்.

கியர் சரியாக இருந்தும் பாதியில் சாகிறீர்கள் என்றால், அடிவாரத்திலேயே பணத்தை எல்லாம் செலவழித்துவிட்டீர்கள். முதல் 10 நிமிடம் எஃப்.டி.பி.யில் 85 முதல் 90 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு: ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பேசப் பிடிக்கக் கூடாது.

எடை பற்றி ஒரு வரி. 40 நிமிட ஏற்றத்தில் ஒரு கிலோ குறைந்தால் சுமார் 25 விநாடி மிச்சமாகும். அந்த ஒரு கிலோ இரண்டாவது பாட்டிலாகவும் இருக்கலாம், ஆனால் அதை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அறிகுறி: சைக்கிள் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். "ஷ்ஷ்… ஷ்ஷ்" என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. தொடர்ந்து வந்தால் காலிப்பர் (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதி) நடுவில் இல்லை. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லூசாக்கி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதற்கு முன் ஆக்ஸில் முழுதாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சக்கரமே கோணலாக உட்கார்ந்திருந்தால் இந்த வேலை வீண்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ டிகிரீசரிலோ அலசி, முழுதாகக் காயவைத்து, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு செயின் லூப் (செயினுக்கான எண்ணெய்) விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய்க்கு வேலை ரோலருக்குள்ளே, வெளியே மினுமினுப்பது தூசியைப் பிடித்துக் கரடுமுரடுப் பசையாகிவிடும். டபிள்யூ.டி.-40 வழக்கமான டப்பா சுத்தம் செய்யத்தான், லூப் இல்லை. மழையில் நனைந்துவிட்டு அப்படியே பால்கனியில் நிறுத்திவைத்த சைக்கிள் மறுநாள் கிறீச்சிட்டால் அது உங்களைத்தான் திட்டுகிறது.

தேய்மானத்துக்கு ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் எடுங்கள். புதுச் செயினில் சரியாக இன்னொரு பின்னின் நடுவில் முடியும். 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 ஸ்பீடுக்கு அதுவே மாற்ற வேண்டிய நேரம். 10-உம் அதற்குக் கீழும் 0.75 வரை தாங்கும். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

டயர் காற்றில் இன்னும் "கல்லு மாதிரி இருக்கணும்" என்ற நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. டிராக்கில் அது சரி. வெள்ளை டாப்பிங் கான்கிரீட்டின் இணைப்புகளிலும், ஒட்டுப்போட்ட தாரிலும் இறுகிய டயர் துள்ளும், துள்ளல் உங்கள் உடம்பில் அதிர்வாகக் கரையும், அந்தப் பவர் போனது போனதுதான். 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 25 மி.மீ. டயரில் 80 முதல் 85 பி.எஸ்.ஐ., 28-இல் 65 முதல் 70, 32-இல் 50 முதல் 55 என்று ஆரம்பியுங்கள். முன்னால் ஐந்து குறைத்துக்கொள்ளலாம். ஆட்டோ ஸ்டாண்ட் பக்கத்து ஏர் கம்ப்ரசர் வேண்டாம். அழுத்தமானி வைத்த ஃபுளோர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அறிகுறி: ஒன்றரை மணி நேரம் வரை ஜோர், அப்புறம் அணைந்துபோகிறது

அல்சூரிலிருந்தோ ஜெயநகரிலிருந்தோ விடியற்காலை நான்கரைக்கு ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பி, ஏழு மணிக்கு தேவனஹள்ளியில்தான் முதல் சாப்பாடு. இதற்குப் பவர் மீட்டர் எதற்கு? 90 நிமிடத்துக்கு மேல் போகும் சவாரிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதுவும் முதல் அரை மணியிலிருந்தே. ஒரு நடுத்தர ரோபஸ்டா வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும், ஏலக்கி என்றால் இரண்டு வேண்டும். 750 மில்லி தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை போட்டுக் குலுக்கினால் கடையில் விற்கும் பாட்டிலின் வேலையை அது செய்யும். பசித்த பிறகு சாப்பிட்டால் இருபது நிமிடம் லேட்.

இதயத் துடிப்பு கைகொடுக்கும் இடமும் இதுதான். சீரான வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டி, முதல் பாதியின் வாட்டைத் துடிப்பால் வகுங்கள், இரண்டாம் பாதிக்கும் அதையே செய்யுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மூன்றில் ஒன்று: தண்ணீர் போதவில்லை, வெயில் ஏறிவிட்டது, அல்லது நீண்ட நேரம் தாங்கும் அடித்தளம் பலவீனம். கிளம்பும் முன்பும் வந்த பிறகும் எடை பாருங்கள். 70 கிலோவில் 1.4 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீர்தான் குற்றவாளி. குளிர்ந்த காலையில், குடித்து, சாப்பிட்டு, அப்படியும் துடிப்பு மேலே நகர்ந்தால் நீண்ட மெதுவான சவாரிகள் கூட வேண்டும்.

கை கடிகாரத்தின் துடிப்பு எண் கேடன்ஸோடு ஒட்டிக்கொண்டு 85, 90 என்றே நின்றால் நம்பாதீர்கள். நெஞ்சுப் பட்டையை நனைத்து மாட்டுங்கள்.

அறிகுறி: வாரம் ஐந்து நாள் ஓட்டியும் எஃப்.டி.பி. அசையவில்லை

ஐந்து நாளும் ஒரே மாதிரி ஓட்டுகிறீர்களா? சுலபமான நாள் போதுமான அளவு சுலபமாக இல்லை, கடினமான நாள் போதுமான அளவு கடினமாக இல்லை, எல்லாம் எஃப்.டி.பி.யில் 80 சதவீதத்தைச் சுற்றியே. வாரத்துக்கு 6, 7 மணி நேரம் கிடைக்கும் ஐ.டி. ஆளுக்கு இது போதும்: செவ்வாய் 4 நிமிடம் × 4, எஃப்.டி.பி.யில் 106 முதல் 115 சதவீதம், நடுவே 3 நிமிட ஓய்வு. வியாழன் 20 நிமிடம் × 2, 88 முதல் 94 சதவீதம், நடுவே 5 நிமிடம். சனியோ ஞாயிறோ மூன்று மணி நேரம், 56 முதல் 75 சதவீதத்துக்குள். மிச்ச நாளில் விருப்பமிருந்தால் ஒரு மணி நேரம் உருட்டுங்கள், இல்லையென்றால் தூங்குங்கள். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள். குழு சவாரியில் பின்னால் ஒட்டிக்கொண்டு 35-இல் வந்தது இந்தக் கணக்கில் சேராது. காற்றை முன்னால் இருப்பவர் வாங்கிக்கொண்டார்.

ஸோனே தப்பாக இருக்கலாம். 20 நிமிட டெஸ்ட்டின் சராசரியில் 95 சதவீதம், ரேம்ப் டெஸ்ட்டின் (பவர் படிப்படியாக ஏறும் சோதனை) கடைசி நிமிடத்தில் 75 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. ஸ்பிரின்ட் பலம் உள்ளவர்களுக்கு ரேம்ப் டெஸ்ட் பெரிய எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணில் 95 சதவீதத்தில் இரண்டு இருபது நிமிடம் முடிக்க முடியவில்லை என்றால் ஐந்து சதவீதம் குறைத்துவிட்டுத் தொடருங்கள்.

டிரெயினரில் மட்டும் எண் இறங்கினால் விசிறியைப் பாருங்கள். சீலிங் ஃபேன் காற்றைத் தலையில் கொட்டும், நெஞ்சுக்கு வராது. பெடஸ்டல் ஃபேனை நேர் முன்னால், நெஞ்சு உயரத்தில், முழு வேகத்தில் வையுங்கள்.

அறிகுறி: கால் கனக்கிறது, எவ்வளவு மிதித்தும் துடிப்பு ஏறவில்லை

வழக்கமான வாட்டுக்குத் துடிப்பு பத்து குறைவு, கஷ்டம் மட்டும் கூடுதல் என்றால் அது ஃபிட்னஸ் இல்லை, அசதி. நான்கைந்து நாள் சும்மா இருங்கள். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), பி12 பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்கும் காப்பி, டீ இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு இந்தப் பட்டியலிலேயே இல்லை. உடனே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

அறிகுறி: பவர் கூட்டியதும் முழங்கால் வலி

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம், பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று சவாரி பார்த்த பிறகு அடுத்த 3. மாற்றும் முன் சீட் போஸ்ட்டில் பழைய உயரத்தில் ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், சர்வீஸுக்கு விட்டு வந்த பிறகும் அது எங்கே இருந்தது என்று தெரியும்.